தண்ணிக்குள்ள காட்டின புள்ளி

தென்னேரி ஏரிக்கரையில நின்னுக்கினு இளவரசி போனையே பார்த்துக்கினு இருந்தா. கண்ணு கலங்கிப் போச்சு. அவ செஞ்ச குட்டி விமானம் ரிமோட்டுக்கு அடங்காம காத்தோட போய், கண்ணுக்கு மறைஞ்சு அரை மணி நேரம் ஆச்சு. திங்கக்கெழம காலேஜுல அதைக் காட்டினாத்தான் கடைசி வருஷம் பாஸு.

"மேப்புல விமானத்தோட புள்ளி தண்ணிக்குள்ள காட்டுதுப்பா. கரையில இருந்து நூறு மீட்டரு. போச்சு."

அவ அப்பா தேவேந்திரன் பிள்ளையார்பாளையத்துல பட்டு நெய்றவரு. லுங்கிய மடிச்சுக் கட்டிக்கினு தண்ணியில எறங்கப் போனாரு.

"நீச்சலே தெரியாது உனக்கு. ஏறு மேல."

"சாட்டிலைட்டு சொல்றது தப்பா இருந்தா?"

"வெட்டவெளியில அஞ்சு மீட்டரு, பத்து மீட்டரு தப்பும், அவ்ளோதான். ஜிபிஎஸ் மேல உலோகம் எதனா மூடியிருந்தாத்தான் எங்கெங்கயோ காட்டும். நான் தெர்மாகோல் மூடிதானே போட்டேன்."

மூடின்னு கேட்டதும் தேவேந்திரன் திரும்பி கரைக்கு வந்தாரு.

வீட்டுக்குப் புதுசா எது வந்தாலும், மிக்சி வந்தாக்கூட, தறியில மிஞ்சின துண்டுப்பட்டு ஒண்ணு சாத்துறது அவங்க வழக்கம். பொண்ணு செஞ்ச விமானம் மொத மொத பறக்குது, சும்மா அனுப்ப மனசு வரல. காலையில அவ குளிக்கப் போன நேரம், மூடிக்கு உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஜரிகை பார்டர் ஒட்டிட்டாரு. அசல் ஜரிகை. வெள்ளிக்கம்பி சுத்தினது.

'கை வெக்காத'ன்னு நூறு தடவை சொல்லியிருந்தா. உண்மைய சொன்னா திட்டுவா. சொல்லலன்னா இந்தத் தண்ணியையே பார்த்து அழுதுக்கினு நிப்பா.

"கண்ணு... ஜரிகையும் உலோகந்தானே?"

இளவரசி திரும்பினா. "நீ என்னா பண்ணி வெச்ச?"

சொன்னாரு.

"விமானத்துக்குப் பொடவை கட்டி வுட்டியா?" தலையில அடிச்சுக்கினா. ஆனா மூஞ்சியில உசுரு வந்துடுச்சு. "அப்போ தண்ணியில விழாமயும் இருக்கலாம்! காத்து எந்தப் பக்கம் அடிச்சுது?"

காத்து அடிச்ச பக்கம், கரைக்கு அந்தாண்ட நெல்லு வயலு. ரெண்டு பேரும் ஓடினாங்க. வயலுக்காரர் துரைக்கண்ணு தூரத்துல இருந்தே கத்தினாரு: "யோவ், வரப்பு மேல நடய்யா! பயிரை மிதிக்காத!"

மூணாவது வயல்ல விமானம் மூக்கு குத்திக் கெடந்துது. ஒரு ரெக்கை ஒடைஞ்சிருந்துது.

"என்னால தான் கண்ணு, இவ்ளோ நேரம்..."

"நீ சொல்லலன்னா நான் தேடியே இருக்க மாட்டேன்பா. ரெக்கைய ஒட்டிக்கலாம். பசை காயற வரைக்கும் நீ தான் புடிச்சிக்கினு இருக்கணும்."

"எத்தினி நேரம்?"

"ரெண்டு மணி நேரம். அசையக் கூடாது, தும்மக் கூடாது."

அன்னைக்கு தேவேந்திரன் தறி பக்கமே போகல.