தாசில்தாரை வீட்டுக்கு அனுப்பிய ஒற்றை வரி

1

ஒரு திங்கட்கிழமை காலை, பதினோரு மணி டீ வருவதற்குள், தாசில்தாரிலிருந்து காவலாளி வரை ஒரு தாலுகா அலுவலகம் முழுவதற்கும் ஒரே வரியில் ஓய்வு கொடுத்தவன் நான். (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள்.) கீழ்வேளூர் டீக்கடையில் இதைச் சொன்னபோது பஞ்சநதம் வாயிலிருந்த டீயைத் துப்பினார்.

"யோவ், புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

அந்தத் துப்பலில் பிறந்தது இந்தக் கதை. பஞ்சநதம் முன்பு ஒரு பண்ணையின் காரியஸ்தர். இப்போது என் கைப்பிரதியின் ஓரத்தில் 'பொய்' என்று எழுதுவதுதான் அவருக்கு முழுநேர உத்தியோகம். டீக்கடைக்குத் தினமும் தாமதமாக வருவார். கேட்டால் முட்டிவலி என்பார்.

2

முதல் தொடக்கம்: 'காவிரி சலசலத்து ஓடிக்கொண்டிருந்'

அடித்துவிட்டேன். மேட்டூரில் திறக்காத தண்ணீரை முதல் வரியிலேயே திறந்துவிட எழுத்தாளர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இரண்டாவது: 1998. பூவம்மாள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, தாலுகா அலுவலகத்தில் நான் நிரல் எழுதிக்கொண்டிருந்த கணினி அறைக்குள் வந்தார். (கழற்றச் சொன்னது நாங்கள்தான். இயந்திரத்துக்குத் தூசி ஆகாதாம். அதற்குள் கரப்பான்கள் குடும்பம் நடத்தியது தனிக் கதை.)

"ஐயா, எங்க வூட்டுக்காரரு வீரையன் பேருல குத்தகை பதிஞ்சது கூலிச் சண்டை நடந்த வருஷம். மிசினு தேதியே இல்லைங்குதாமே?"

மூன்று மா நிலம், ஏறக்குறைய ஓர் ஏக்கர். வியாழக்கிழமை விசாரணை. தேதியோடு சான்று காட்டாவிட்டால் நிலம் பண்ணைக்குப் போய்விடும். காகிதப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. நல்லவேளை, அதற்கு முன்பே கணினியில் ஏற்றியிருந்தோம்.

"தேதி இல்லாத குத்தகை என்னம்மா குத்தகை?" என்று வாசலில் நின்று சிரித்தவர் அந்தப் பண்ணையின் அன்றைய காரியஸ்தர் பஞ்சநதம்.

[ஓரத்தில்: 'நான் அம்மான்னு சொல்லல.' உண்மை. அந்த மரியாதை மட்டும் என் கற்பனை.]

3

குற்றவாளி நான் எழுதிய தேதிச் செயல்கூறு, அதாவது தேதி கணக்கிடும் சின்ன நிரல் துண்டு. எந்தத் தேதியைக் கொடுத்தாலும், 1970 ஜனவரி ஒன்றிலிருந்து எத்தனையாவது நாள் என்று எண்ணிச் சொல்லும். அதற்கு முந்தைய தேதி என்றால் பூஜ்யம். பூஜ்யம் என்றால் 'தேதி இல்லை' என்று அச்சாகும். வீரையன் பதிந்ததோ பசலி 1378.*

* பசலி: வருவாய்த் துறையின் சொந்த வருஷம். ஜூலையில் பிறக்கும், 590 குறைத்து எண்ணும். 1378 என்றால் 1968-69. ஆட்சி மாறும்போதெல்லாம் கணினி அறை வாசலில் கல்வெட்டு மாறியது; பசலியும் மாறவில்லை, என் பூஜ்யமும் மாறவில்லை.

திங்களன்று, பூஜ்யத்துக்குப் பதிலாகக் கழித்தல் எண் வரும்படி ஒரே ஒரு வரியை மாற்றினேன். வீரையனுக்குத் தேதி வந்தது. கூடவே, அதே செயல்கூறைக் கேட்டு நடக்கும் பணியாளர் பட்டியல் நிரலும் விழித்துக்கொண்டது. அதுவரை பூஜ்யத்தைக் கண்டால் 'காகிதத்தைப் பார்க்கவும்' என்று ஒதுங்கிய அந்த மண்டு, கழித்தல் எண்ணைக் கண்டதும் 'வயது கடந்தவர்' என்று முடிவுகட்டி, 1970க்கு முன் பிறந்த அத்தனை பேருக்கும் ஓய்வு ஆணை அச்சடித்தது.

தலைமை எழுத்தர் கலந்தர் தன் ஆணையோடு ஓடிவந்தார். "சார், பொண்ணுக்கு நிக்காஹ் வச்சிருக்கேன். தை வரைக்காவது தள்ளிப் போடுங்க!"

தாசில்தார் தன்னுடையதில் கையெழுத்தே போட்டுவிட்டார். மேசைக்கு வரும் காகிதத்தைப் படிக்கும் கெட்ட பழக்கம் அவருக்கு இல்லை.

4

எல்லாவற்றையும் புதிதாக எழுது என்றார்கள் மேதைகள். இருநூற்றுப் பதினான்கு நிரல்கள் அந்தப் பூஜ்யத்தை நம்பிப் பிழைக்கின்றன. வந்து எழுதிக் காட்டுங்களேன்!

பழைய வரியைத் திரும்ப வைத்தேன். பழைய பொய் அப்படியே இருக்கட்டும். பக்கத்தில், வேறு பெயரில், 1970க்கு முன்னாலும் எண்ணத் தெரிந்த, பசலியும் புரிந்த புதுச் செயல்கூறு ஒன்றை நட்டேன். குத்தகைச் சான்று மட்டும் அதைக் கேட்கும். மற்றவை தம் அறியாமையில் சுகமாக இருக்கும்.

புதன் மாலை சான்று அச்சானது: 17-8-1968.

5

முடிவு (அ): பூவம்மாள் வென்றார். அவர் கண்களில் ஆனந்தக் கண்ணீ

அடித்துவிட்டேன்.

முடிவு (ஆ): பண்ணையின் வக்கீல் வாய்தா வாங்கினார், இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறார். இதுதான் நம்பும்படி இருக்கிறது.

எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் தீர்ப்பு எழுதினால் பஞ்சநதம் அதற்கும் 'பொய்' போடுவார்.

இன்று காலை இதுவரை படித்த பஞ்சநதம் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. அவர் கணுக்கால் வரை சேறு.

"என்னங்க, இன்னிக்கும் முட்டிவலியா?"

"முட்டி நல்லாத்தான்யா இருக்கு. அந்த மூணு மா வரப்புல வந்தா அஞ்சு நிமிஷம். பூவம்மா ஏற விட்டாத்தானே? இருபத்தாறு வருஷமா சுத்திக்கிட்டுத்தான் வர்றேன்."

பேனாவை மூடினார்.

"நடந்துச்சுய்யா."