வாய் ஓயாத வக்கீல்

எங்கள் வக்கீல் ருவைதாவுக்கு வாய் ஓயவே ஓயாது. ராணுவ நீதிமன்றத்தில் என் மகன் யஸனின் காவலை நீட்டிக்கப்போவது முன்பே முடிவான விஷயம். நீதிபதி கொட்டாவி விடுகிறார். மொழிபெயர்க்கும் சிப்பாய் பாதியிலேயே அலுத்துப்போய் நிறுத்திவிட்டான். இவள் மட்டும் சட்டப்பிரிவு சட்டப்பிரிவாக இழுத்துக்கொண்டே போகிறாள். கால் விலங்கோடு உட்கார்ந்திருந்த யஸன் என்னைப் பார்த்துச் சிரித்தான். முகம் மெலிந்திருந்தது.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா, இது கோர்ட்டே இல்ல, வெறும் நாடகம்னு ராமல்லா சதுக்கத்துல மைக் பிடிச்சு நீதானே சொல்ற? அப்புறம் எதுக்கு உள்ள போய் தொண்டை கிழியக் கத்துற?"

அவள் குரல் கம்மிப்போயிருந்தது. "நான் நிறுத்தினா அவனை உள்ள கூட்டிட்டுப் போயிடுவாங்க, பெரியம்மா. பேசுற வரைக்கும் நீங்க அவனைப் பாத்துட்டு இருக்கலாமில்ல?"



அடுத்த விசாரணையன்று, சோதனை வாசலுக்கு வெளியிலேயே அவளை நிறுத்தி, பிளாஸ்கிலிருந்து மரமிய்யா மூலிகை இலை போட்ட டீயை ஊற்றிக் கொடுத்தேன்.

"சூடாக் குடிடி. தொண்டைக்கு நல்லது. இன்னிக்கு அவன் தங்கச்சியும் வந்திருக்கா."