கத்தரிக்கோல் போட்ட காசு

கணவர் இரத்தினவேலுக்கு நாணயப் பைத்தியம் என்பது ஜெயகுமாரிக்குத் தெரிந்ததுதான். அது தன் தையல்கடைக்குள்ளும் நுழையும் என்று அவள் நினைக்கவில்லை.

புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் மோர்டென்ஸ்ருட் பகுதியில் கடை திறந்து குளிர்காலம் முழுக்க ஈயோட்டியாயிற்று. ஆனிக்குள் ஆட்கள் வராவிட்டால் கடையைப் பூட்டிவிட்டுப் பழையபடி அலுவலகங்கள் கழுவப் போவதென்று முடிவு.

இரத்தினவேல் தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய செப்புக்காசை எடுத்து வந்தார்.

"அமெரிக்காவிலை உள்நாட்டுச் சண்டை நேரம் சனம் சில்லறையெல்லாத்தையும் பதுக்கிப்போட்டுது. பாண் சுடுறவர், முடி வெட்டுறவர், தைக்கிறவர் எல்லாரும் தங்கடை பேரிலை காசு அடிச்சு விட்டவை. அதுவே விளம்பரமாயும் போச்சு. நாங்களும் அடிப்பம்."

"ராசாவுக்கு இப்ப நாணயம் வெளியிடுற ஆசை வந்திட்டுதோ?" என்றாள். ஆனாலும் மறுக்கவில்லை.

ஒரு பக்கம் கத்தரிக்கோல், அவள் பெயர், கடை விலாசம். மறுபக்கம், 'கொண்டு வந்தால் ஒரு சாறிச்சட்டை இலவசம்.' காசு பளபளவென்று அழகாகத்தான் இருந்தது.

அதைக் கொடுத்த விதத்தில்தான் மனிதர் கோட்டைவிட்டார். சித்திரை வருடப்பிறப்பன்று அம்மருட் பகுதிக் கோயிலில், வெற்றிலையில் வைத்து, எல்லோருக்கும் கைவிசேடமாக, வருடத்தின் முதல் மங்கலக் காசாக, நீட்டினார். வாங்கியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். கைவிசேடக் காசை எந்தத் தமிழன் செலவழித்திருக்கிறான்? அமெரிக்கர்கள் அரசாங்கக் காசைப் பதுக்கினார்கள். நம்மவர்கள் இவள் காசையே பதுக்கினார்கள்.

வைகாசியும் போனது. ஒரு காசும் திரும்பவில்லை. ஜெயகுமாரி பழைய மேற்பார்வையாளரை அழைக்கக் கைபேசியைக் கையில் எடுத்த நேரம், முன்பின் தெரியாத ஒரு பெண் பெரிய பையோடு கடைக்குள் வந்தாள்.

"நான் சிறிதேவி, ஹவுகெட்டோவிலை இருந்து வாறன். மகளின்ரை கலியாணத்துக்கு எல்லாச் சட்டையும் நீங்கள்தான் தைக்கோணும்."

பைக்குள் கூறையும் பட்டுமாக நிறைந்திருந்தது. ஜெயகுமாரி அளவுநாடாவை எடுத்தாள்.

"காசு கொண்டந்தனீங்களோ அக்கா? ஒண்டு இலவசம்."

"அதை எப்பிடித் தாறது பிள்ளை? சாமியறையிலை வைச்சுத் தினமும் கும்பிடுறன். வைச்ச பிறகுதான் சம்பந்தம் சரிவந்தது. நான் முழுக்காசும் தாறன். என்ரை தங்கச்சியவைக்கும் அப்பிடி ஒரு காசு வேணுமாம், உங்களிட்டை வருவினம்."

அவள் போனபின் ஜெயகுமாரி சிரித்தாள், கண்ணும் கலங்கியது. கைபேசியில் கணவரை அழைத்தாள்.

"இஞ்சாருங்கோ, இன்னும் கொஞ்சம் அடிப்பியுங்கோ. இலவசம் எண்டதை மட்டும் எடுத்துவிடுங்கோ."

"இருக்கட்டுமப்பா," என்றார் இரத்தினவேல். "ஆர் கொண்டரப் போகினம்?"