உழவர் ஏன் ஓடினார்?

1

இந்தக் கதை என் வீம்பில் பிறந்தது. பள்ளித் தேர்வொன்றுக்கு நான் ஒரு குட்டிப் பத்தி எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்த ஒரு சிறுமி என்னையே கேள்வி கேட்டுவிட்டாள். பத்தி இதுதான்:

“தை பிறந்துவிட்டது. முற்றிய கதிர்கள் தலை சாய்த்து நின்றன. வானம் இடித்தது, மழை கொட்டியது. உழவர் வயலுக்கு ஓடினார்.”

உழவர் ஏன் ஓடினார், பத்தியிலிருந்து சான்று தருக என்பது கேள்வி. விடைக்குறிப்பும் நான் எழுதியதே: மழையைக் கண்ட மகிழ்ச்சியில்.

2

போலகத்து வயல்களின் மேல் மெல்லிய பனி படர்ந்து...

(வேண்டாம். பனிக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

போலகம் என்ற ஊரில் ஏழாம் வகுப்புப் படிக்கும் கவியா, ‘பயத்தில் ஓடினார்’ என்று மட்டும் எழுதினாள். சான்று இல்லை. பூஜ்யம். இன்னொரு பூஜ்யம் வாங்கினால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைப்போம் என்று பள்ளியில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். “எனக்குப் படிச்சா புரியாது மிஸ்” என்று அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள்.

தமிழாசிரியை தாமரைச்செல்வி விடுவதாக இல்லை.

“பயம்னு ஏன் எழுதுன?”

“எங்கப்பா அப்படித்தான் மிஸ் ஓடுனாங்க. அறுக்குற நேரத்துல மழை பேஞ்சா நெல்லு படுத்துடும், முளைச்சிடும்.”

“சரிம்மா. ஆனா உங்கப்பா இந்தப் பத்தியில இல்லையே. அறுக்குற நேரம்னு உனக்கு எது சொல்லுச்சு? அந்த வார்த்தை மேல விரலை வை.”

கவியா திரும்பத் திரும்பப் படித்தாள். அவள் கண் கலங்கியது. (கலங்கியதாக யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தேன். அடித்துவிடுங்கள்.) ‘முற்றிய’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள். பிறகு ‘தை’ மேல்.

3

தாமரைச்செல்வி எனக்குப் போன் போட்டார்.

“சார், உங்க விடை தப்புங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “எழுதுனவன் நான். அவர் ஏன் ஓடுனார்னு எனக்குத் தெரியாதாங்க?”

போன் கைமாறியது. “நான் கவியா சார். சந்தோஷம்னு எந்த வரியில இருக்கு?”

தேடினேன். நானே எழுதிய பத்தி! ஒரு வரியிலும் இல்லை. அடேயப்பா, வெட்கமாகப் போய்விட்டது.

4

தேர்வுக்குழுவிடம் சொன்னேன். “எதுக்கு சார் வம்பு? ‘மகிழ்ச்சியோடு ஓடினார்’னு ஒரு சொல் சேர்த்துக் குடுங்க. உங்க விடை சரியாயிடும்” என்றார்கள்.

ஒரே சொல். என் பத்தி, என் பேனா. கை துறுதுறுத்தது உண்மைதான். ஆனால் சேர்க்க மாட்டேன். அவர்கள் எத்தனை முறை கேட்டாலும் மாட்டேன். சேர்த்தால் நெல் நனையும்போது அந்த மனிதர் இளித்துக்கொண்டு ஓடுவார். சரியாகப் படித்த பிள்ளை தப்பாகப் படித்தவள் ஆகிவிடுவாள். விடைக்குறிப்பைத்தான் ‘பயத்தில்’ என்று திருத்தி, பள்ளிக்கும் அனுப்பினேன்.

5

கவியாவைச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைப்பதா என்று பள்ளி இன்னும் பதில் சொல்லவில்லை. கவியா கைதட்டலுக்கு நடுவே நிற்பதாக ஒரு முடிவு எழுதிக் கிழித்துப் போட்டேன். நடக்காததை நடந்ததாகச் சொல்ல எனக்கு இனி தைரியம் இல்லை.

கவியா எந்த வகுப்பில் உட்கார வேண்டும்? நீங்கள் சொல்லுங்கள். பாவம் பார்த்துச் சொல்லாதீர்கள், அதை அவள் கேட்கவில்லை. அவள் எப்படிப் படிக்கிறாள் என்பதை நீங்களே பார்த்தீர்கள்.