இரண்டு மஞ்சள் கம்பங்கள்

டெனிசனின் இடது கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதே அமலாவுக்கு முழுநேர வேலையாகிவிட்டது. இரும்பைப் பார்க்கவேண்டிய கண் புருஷன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பட்டறை எப்படி உருப்படும்?

வல்லம் வடகாலில் அவள் அப்பா லாசர் விட்டுப்போன பட்டறை அது. நடுவில் நிற்கும் பவர் ஹேமர் அவளைவிட நாற்பது வயசு மூத்தது. மிதியை அமுக்கினால் மேலே இருக்கிற இரும்புத் தலை தடதடவென்று இறங்கி அடிக்கும். காலை எடுத்தாலும் உடனே நிற்காது, ஒன்றிரண்டு அடி கூடப் போட்டுவிட்டுத்தான் அடங்கும். கிழத்துக்கு அத்தனை வீம்பு. மிதியில் அமலா, இடுக்கியில் டெனிசன். தேய்ந்துபோன கோடாலிகளுக்குப் புது வாய் வைத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு.

டெனிசன் எட்டு வருஷம் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில், தகரத்தை அச்சில் அழுத்தும் பிரஸ் லைனில் நின்றவன். அங்கே ஒவ்வொரு மிஷின் முன்னாலும் இரண்டு மஞ்சள் கம்பங்கள் இருக்கும். அவற்றுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளி. கை அதைத் தாண்டினால் மிஷின் அப்படியே அந்தரத்தில் நின்றுவிடும். அச்சின் மேல் தகரத் துணுக்கு கிடந்தால் விரலால் தட்டிவிடலாம், ஒன்றும் ஆகாது. ஒரு ஷிஃப்டில் நூறு தடவை தட்டியிருப்பான். பிறகு லைனுக்கு ரோபோ வந்தது, கான்ட்ராக்ட் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். டெனிசனோடு அந்தக் கையும் வந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமைதான் அமலா அதை முதலில் பார்த்தாள். அடிக்கு நடுவில் ஒரு நொடி நிறுத்தியிருந்தாள். ஹேமர் தலை வந்து அடிக்கிற கீழ்ப் பட்டடையில் இரும்புச் செதில் ஒன்று விழுந்து கிடந்தது. டெனிசனின் இடது கை சாவகாசமாக உள்ளே போய் அதைத் தட்டிவிட்டு வெளியே வந்தது.

"ஏங்க, கைய உள்ள வுட்டீங்க!"

"நானா? எப்ப?"

"இப்பதாங்க. நான் மட்டும் மிதிச்சிருந்தா?"

"சும்மா இன்னாத்தயாவது சொல்லிக்கினு இருக்காத அமலா. எனுக்குத் தெரியாமலா என் கை போவும்?"

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பயம். அசட்டையான ஆளைத் திட்டித் திருத்தலாம். தானாகப் போகிற கையை யார் திட்டுவது? அந்தக் கையை நசுக்கப்போவதும் ஹேமர் இல்லை, அவள் கால். அன்றிலிருந்து அவன் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் மிதித்தாள். அவன் சோறு பிசையும்போதுகூட விரல்களை எண்ணினாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூரில் மஞ்சள் பெயிண்ட் வாங்கி வந்தாள். ஹேமருக்கு முன்னால் இரண்டு பக்கமும் பைப்பை நட்டு, பளிச்சென்று மஞ்சள் அடித்தாள். மஞ்சள் என்றால் ஆபத்து, இதைத் தாண்டாதே என்று அந்தக் கைக்கு உறைக்கட்டும் என்பது அவள் கணக்கு. பிள்ளையார் பிடிக்கப் போகிறோமா குரங்கு பிடிக்கப் போகிறோமா என்று யாருக்கு முன்கூட்டியே தெரிகிறது?

திங்கட்கிழமை டெனிசன் கம்பங்களைத் தடவிப் பார்த்துச் சிரித்தான்.

"நம்ம லைன் மாரியே கீது."

அன்று அவன் தோளின் இறுக்கம் தளர்ந்து, கையில் பழைய ஓட்டம் வந்திருந்தது. அமலாவும் ஆறு நாளில் முதல்முறையாக மூச்சை முழுசாக விட்டாள்.

பிரியாணி மாஸ்டர் கன்னியப்பன் விறகு பிளக்கும் பழைய கோடாலி உலையில் இருந்தது. தேய்ந்த வாயைப் பிளந்து, நடுவில் லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டைச் செருகி, பற்றுவதற்கு வெங்காரம் தூவி வெள்ளையாகக் காய்ச்சியிருந்தார்கள். அந்தச் சூட்டில் அடித்தால்தான் இரண்டும் ஒட்டும். டெனிசன் எடுத்துவந்து வைத்தான். அமலா மிதித்தாள். பொறி பறந்தது. நாலாவது அடியில் ஒரு செதில் தெறித்துக் கீழ்ப் பட்டடையின் ஓரத்தில் விழுந்தது.

இரண்டு மஞ்சள் கம்பங்களுக்கும் நடுவே இடது கை உள்ளே போனது.

அமலா காலை எடுத்தாள். எடுத்தாலும் ஒரு அடி பாக்கி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். "மாதாவே!" என்று அலறிக்கொண்டு தோளால் அவன் விலாவில் மோதினாள். இருவரும் தரையில் விழுந்தார்கள். கோடாலி எங்கோ தெறித்தது. வெறும் பட்டடையில் ஹேமர் இறங்கிய சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

அவள் அவன் கையைப் பிடித்துக் கையுறையை உருவினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அஞ்சு. மறுபடியும் எண்ணினாள்.

டெனிசன் அவளைப் பார்க்கவில்லை. மஞ்சள் கம்பங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிக்கலியே அமலா," என்றான். "கம்பம் கீது, மிஷின் நிக்கலியே."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கையைத் தடுக்கத் தான் நட்ட கம்பங்களே அதை உள்ளே கூப்பிட்டிருக்கின்றன. எழுந்து இரண்டையும் ஆட்டிப் பிடுங்கி வாசலுக்கு வெளியே வீசினாள். கோடாலியைத் தேடி எடுத்து உலையில் திரும்பவும் செருகினாள்.

"இனிமே நீங்க மிதில நில்லுங்க. இடுக்கிய நான் புடிக்கிறேன்."

இரும்பு வெளுத்ததும் அவளே எடுத்துவந்து பட்டடையில் வைத்தாள். ஹேமர் அசையவில்லை. திரும்பிப் பார்த்தாள். டெனிசனின் கால் மிதிமேல் அந்தரத்தில் நின்றது. கண் அவள் விரல்களை விட்டு நகரவில்லை. முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அமுக்குங்க. சூடு போவுது."

"கால் நடுங்குது அமலா."

"நடுங்கட்டும்," என்றாள் அவள். "அமுக்குங்க."