முசுறு கடிக்காத பக்கம்

சார்ஃபோவின் கழுத்தில் முசுறு எறும்பு கடித்த தடிப்புகளைப் பார்த்ததும் போக்குவாவுக்குச் சந்தேகம் தட்டியது. அவள் புருஷன் துமாசியின் அக்காள் மகன் அவன். குமாசி நகரத்தில் டயர் கடை வைத்திருப்பவன். அவனுக்குக் கோகோ தோட்டத்தில் என்ன ஜோலி?

"கழுத்துல என்னப்பா?"

"எறும்பு அத்தை. வர்ற வழியில."

வழியில் நின்று ஆளைப் பிடித்துக் கடிக்கிறதாமே முசுறு! யார் காதில் பூ சுற்றுகிறான் இவன்?

தோட்டம் துமாசி பேரில்தான். ஆனால் ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சரிவில் சாறு உறிஞ்சும் பூச்சி பிஞ்சுகளையெல்லாம் கருக்கியபோது, மருந்தடிக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்தப் பூச்சியைத் தின்னும் முசுறுவின் கூடுகளைக் கொண்டுவந்து மரங்களில் ஏற்றியவள் போக்குவா. மரத்துக்கு மரம் காட்டுக்கொடி கட்டி அவற்றுக்குப் பாலம் போட்டவளும் அவள்தான். இப்போது அங்கே அடிமரத்திலிருந்தே காய் தொங்குகிறது. இருந்து என்ன? அந்த ஊரில் ஆணின் நிலம் பெண்டாட்டிக்கு வராது, அக்காள் மகனுக்குப் போகும். உயிரோடு இருக்கும்போதே பெரியவர்கள் முன்னால் எழுந்து நின்று கொடுத்தால்தான் உண்டு. துமாசிக்கோ இருமல் நெஞ்சை விட்டு இறங்கவே இல்லை. அவன் கண்ணை மூடினால் அவள் சட்டி பானையோடு தெருவில்தான்.

ஃபூஃபூக் களியும் பனைக்கொட்டைக் குழம்பும் எடுத்துக்கொண்டு போனால் மாமனும் மருமகனும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? நான் என்ன போலீஸா?"

"மழையைப் பத்திப் பேசிட்டிருந்தோம்," என்றான் துமாசி.

"வானம் வெளுத்துக் கிடக்கு. எந்த மழை? உங்க அக்கா வீட்டு மழையா?"

துமாசி இருமினான். வேண்டுமென்றே இருமுகிறான் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் சரிவுக்குப் போய்ப் பார்த்தாள். ஓடையோரம் நெடுக எல்லைச் செடி புதிதாக நட்டிருந்தது, மண்கூடக் காயவில்லை. ஓகோ, சங்கதி இப்படிப் போகிறதா! நல்ல பாதியை வெட்டி எடுத்து மருமகனுக்குத் தாரை வார்க்கிறான் கிழவன். நான் வளர்த்த முசுறு இந்த டயர்க்காரனுக்குக் காவல் காக்க வேண்டுமா? ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை ஆண்கள் இருவரும் கறுப்புத் துணி உடுத்திப் பக்கத்து ஊர் சாவுக்குப் போனார்கள். போக்குவா முட்டிவலி என்று சொல்லி வீட்டில் தங்கினாள். அவர்கள் தலை மறைந்ததும் துரட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சரிவில் ஒரு கூடு விடாமல் இழுத்துத் தள்ளி, காய்ந்த வாழைச் சருகில் போட்டுக் கொளுத்தினாள். கொடிகளையும் அறுத்தாள். முசுறு அவள் கையைப் பிய்த்தெடுத்தது. கடிக்கட்டும், போ!

திங்கட்கிழமை காலையில் துமாசி, "வெள்ளைத் துணி உடுத்திட்டு வா," என்றான்.

சரிவில் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். முசுறுக்குப் பயந்து கையிலும் காலிலும் சாம்பல் பூசி, துணியை முட்டிக்குமேல் தூக்கிப் பிடித்தபடி எல்லையைச் சுற்றி நடந்தார்கள். நடந்து முடித்ததும் மூத்தவர் தொண்டையைக் கனைத்தார்.

"துமாசி இந்தச் சரிவைப் பெண்டாட்டி போக்குவாவுக்குக் கொடுக்கிறான். அவன் மருமகன் சம்மதிச்சு, தன் கையாலயே எல்லைச் செடி நட்டிருக்கான். நன்றிச் சாராயத்தை வாங்கிட்டோம்னா அப்புறம் யாரும் மாத்த முடியாது. கொடும்மா."

போக்குவா வெறுங்கையோடு நின்றாள். சார்ஃபோ ஒரு பாட்டிலை அவள் கையில் திணித்தான். "முன்னாடியே வெளிய தெரிஞ்சா எங்கம்மா கலைச்சிருப்பாங்க அத்தை. அதான் உங்ககிட்டயும் மூச்சு விடலை."

மூத்தவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். "ஆமா, போன தடவை துணிக்குள்ள புகுந்து என்னை ஆட வச்சுதே. இன்னிக்கு ஒண்ணுகூடக் கடிக்கலையே, எங்க போச்சும்மா எல்லாம்?"

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு மரத்திலும் கூடு இல்லை. ஓடையின் மறுகரையிலிருந்து முசுறு தண்ணீரைத் தாண்டி வரவும் வராது.

அவள் பாட்டிலை நீட்டினாள். துணி விலகியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சொறிந்து புண்ணான தடிப்புகள். சார்ஃபோ அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களை எங்க கடிச்சுது அத்தை?"

"வர்ற வழியில," என்றாள் போக்குவா.