விருப்பத்துக்கு மாறாக

அந்த இணைப்பும் திறக்கவில்லை. பக்கம் கிடைக்கவில்லை என்று வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி. மனித உரிமைச் சட்டத்தை இணையத்தில் எங்கெங்கே தேடலாம் என்று ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகம் வழிகாட்டி ஒன்று போட்டிருந்தது. ஒப்பந்தங்களுக்கு ஒரு தளம், தீர்ப்புகளுக்கு ஒரு தளம், குழு அறிக்கைகளுக்கு ஒரு தளம். போட்டவர்கள் அதோடு மறந்துவிட்டார்கள் போல, பாதி செத்துக் கிடந்தது. ஷ்ருதி அலுத்துக்கொண்டு அடுத்ததை அழுத்தினாள். சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறவள். சனிக்கிழமைகளில் மாதுங்காவிலிருந்து செம்பூருக்கு வந்து, மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் வக்கீல் மானசாவின் அலுவலகத்தில் உட்கார்ந்து இந்த வேலை செய்கிறாள்.

திங்கட்கிழமை இசக்கிசெல்வியின் வழக்கு வருகிறது. தாராவியில் அவளும் புருஷனும் இருந்த ஒற்றை அறையை மழைக்கு முன்னால் மாநகராட்சிக்காரர்கள் இடித்துப் போட்டார்கள். மாற்று வீடு வேண்டும் என்பது மனு. காலையில்தான் எதிர்த்தரப்பின் பதில் வந்திருந்தது. மனுதாரரே தம் வாக்குமூலத்தில், சாமான்களை அப்புறப்படுத்தி வீட்டைத் தாமே காலி செய்ததாகச் சொல்லியிருக்கிறார்; யாரும் வெளியேற்றவில்லை; எனவே மாற்று வீடு கிடையாது. அவ்வளவுதான் பதில். மானசா அதைப் படித்துவிட்டு மேஜைமேல் போட்டாள். அந்தம்மா எதுக்கு அப்படிச் சொல்லி வெச்சா, தானே போய் மாட்டிண்டாளே என்றாள். சரி, பயந்துபோய் காலி பண்ணினாலும் அது பலவந்தம்தான்னு எங்கேயாவது இருக்கும், தேடு என்றாள்.

தேடித் தேடி ஐ.நா. குழு ஒன்றின் விளக்கவுரைக்கு வந்து சேர்ந்தாள் ஷ்ருதி. பலவந்தமாக வெளியேற்றுவது என்றால் என்ன என்று அதிலே சொல்லியிருந்தது. விருப்பத்துக்கு மாறாக. அந்தச் சொற்களைப் பார்த்ததும் நாற்காலியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் இசக்கிசெல்வி மூச்சு வாங்க ஏறி வந்தாள். மானசா அவளைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் எதிர்த்தரப்பின் பதிலை எடுத்துச் சொன்ன விதத்தில் கடிந்துகொண்டதும் இருந்தது. இசக்கிசெல்வி முந்தானையை இழுத்து இழுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டாள்.

"நாஞ் சொல்லிருப்பேம்மா. அன்னைக்கு எனக்குப் புத்தியே இல்ல. என்னத்தயாவது ஒளறிருப்பேன்."

பரவாயில்லை, பார்க்கலாம் என்று மானசா போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இசக்கிசெல்வி பெஞ்சில் உட்கார்ந்து, சும்மா இருக்க மாட்டாமல், ஷ்ருதியிடம் பேச்சுக் கொடுத்தாள். இப்போது புருஷனோடு பாண்டுப்பில் தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறாளாம். தம்பி பெண்டாட்டி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாளாம். தனியாகச் சமைக்கலாமென்றால் குக்கர் கைக்கு வந்தபாடில்லையாம்.

"ஜேசிபி வருதுன்ன ஒடனே குக்கரு, மிக்ஸி எல்லாத்தையும் அடுத்த சந்து ஆறுமுகத்தாய் கட்டிலுக்கடியில கொண்டு ஒளிச்சு வச்சோம்லா? கண்ணுல பட்டா வண்டியில அள்ளிட்டுப் போயிருவானுவ. இப்ப அந்த மவராசி அதுலதான் பிரியாணி வைக்கா. கேட்டா, ஒளிச்ச பொருளுக்கு வாடகை கெடையாதான்னு கேக்கா." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

ஷ்ருதி சிரிக்கப் போனவள் பாதியில் நின்றாள். ஒளிச்சு.

அன்று வாக்குமூலம் எழுத, இசக்கிசெல்வி சொன்னதைப் போனில் பதிவு செய்துகொண்டு வந்து வீட்டில் போட்டுக் கேட்டபோது, சாமானெல்லாம் ஒளிச்சு வச்சோம் என்ற இடத்தில் ஷ்ருதிக்குச் சந்தேகம் வந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவைக் கேட்டாள். வெங்கடராமன் தலையைத் தூக்கவே இல்லை.

"அவாளுக்கு ழ வராதுடி. ஒழிச்சுன்னு எடுத்துக்கோ."

பாத்திரத்தை ஒழிச்சுப் போடு, ரூமை ஒழிச்சுக் குடு என்றுதான் அவர்கள் வீட்டில் பேச்சு. சாமானை ஒழித்து வைத்தால் வீடு காலி. ஷ்ருதி அதை நல்ல ஆங்கிலத்தில் எழுதினாள். கையெழுத்து வாங்கும் முன் தமிழில் படித்தும் காட்டினாள். ஒழிச்சு வெச்சோம் என்று நாக்கை மடித்து, அழகாக. இசக்கிசெல்வியின் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆமா பாப்பா, அப்படித்தான் என்று கையெழுத்துப் போட்டாள்.

உள்ளேயிருந்து மானசா, கிடைச்சுதா என்று குரல் கொடுத்தாள். கிடைச்சுது மேடம் என்றாள் ஷ்ருதி. இப்போது போய் மாற்றி எழுதினால் எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? பதிலைப் பார்த்துவிட்டுக் கதை கட்டுகிறார்கள் என்னும். சொல்லாவிட்டால்? உளறியது இசக்கிசெல்வி என்றே இருந்துவிடும். அவளே அல்லவா ஒப்புக்கொண்டுவிட்டாள். அது எவ்வளவு வசதியாக இருக்கிறது என்றும் ஷ்ருதிக்குத் தோன்றியது. விளக்கவுரையின் இணைப்பை மானசாவுக்கு அனுப்பினாள். மானசா கட்டைவிரல் படம் ஒன்று திருப்பி அனுப்பினாள்.

இசக்கிசெல்வி எழுந்தாள். "வாரேன் பாப்பா. என்னால ஒனக்கு வேல சாஸ்தி. லீவு நாளும் அதுவுமா."

செருப்புச் சத்தம் படியிறங்கித் தேய்ந்தது. ஷ்ருதி திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் வரிசைக் கடைசியில் நின்றவளின் கையைப் பிடித்தாள்.

"நீங்க உளறலை. சரியாத்தான் சொன்னேள். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

சத்தத்தில் கேட்கவில்லையோ, புரியவில்லையோ. இசக்கிசெல்வி அவள் முகத்தையே பார்த்தாள். ஷ்ருதி முதலிலிருந்து சொன்னாள். சொல்லச் சொல்ல அது ரொம்பச் சின்ன விஷயம்போல, ஒரே ஒரு எழுத்துபோல ஆகிக்கொண்டு வந்தது. அதுதான் தாங்கவில்லை. பஸ் வந்தது. வரிசை முழுக்க ஏறிப் போயிற்று.

"அப்பம் நான் சொல்லல."

"சொல்லலை."

"மேடம் காலையில போன்ல சொன்னதுல இருந்து எங்க வீட்டுக்காரவுக என்னை ஏசிக்கிட்டேதான் இருக்காவ. உன் வாயாலதான் வீடு போச்சு, உன் வாயாலதான் போச்சுன்னு." குரல் உயரவில்லை. "மேடத்துக்குத் தெரியுமா?"

ஷ்ருதி தலையை அசைத்தாள். இல்லை.

இசக்கிசெல்வி கையை விடுவித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள். மருந்துக்கடைப் பக்கத்துப் படியில் முட்டியில் கை ஊன்றி ஏறினாள். திருப்பத்தில் மூச்சுக்காக நின்றாள். அங்கே விளக்கு இல்லை. கம்பியைப் பிடித்த வளையல் கை மட்டும் தெரிந்தது. ஷ்ருதி அவளைத் தாண்டிப் போகாமல், கீழ்ப்படியிலேயே நின்றாள். மேலே, திறந்திருந்த கதவு வழியாக, விருப்பத்துக்கு மாறாக என்பதை மானசா ஆங்கிலத்தில் யாருக்கோ போனில் உரக்கப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தாள்.